சலங்கைக்கும் செய்கூலி உண்டு

நம்ம பக்கத்துக் கோயில் கொடைத் திருவிழா பாத்தவங்களுக்குத் தெரியும், சாமியாடி வல்லயம்ங்கிற நீள ஈட்டியை வாங்கித் தரையில ஒரு குத்து குத்தும்போது அதுல தொங்குற மணியெல்லாம் ஒண்ணா சேந்து குடுக்குற சத்தம் எப்படி இருக்கும்னு. வில்லுப்பாட்டு மைக்கு, கணியான் கூத்து மகுட மேளம், ஜெனரேட்டர், பலூன் கேட்டு அழுற பிள்ளைக, அத்தனை சத்தத்தையும் தாண்டி அது தனியா வந்து காதுல விழும். எனக்குச் சின்ன வயசுல இருந்து அந்தச் சத்தம் தான் கொடை. சுடலைமாடன் முன்னால நிக்கோம்ங்கிற பயமும் சந்தோசமும் அந்தச் சத்தத்துல தான் எனக்கு வரும், இப்பவும் அப்படித்தான்.

அந்த மணியில பல மணி இப்ப போச்சு. சிலது வாய்ப்பக்கம் கீறல் விட்டுருச்சு, சிலது மேல இருக்குற வளையம் தேஞ்சு எங்கயோ கழண்டு விழுந்துருச்சு, சாமியாடி உடுத்துற சல்லடத்துல தச்சிருந்த சின்ன சலங்கையிலயும் பாதியைக் காணோம். வர்ற சித்திரைக் கொடைக்கு எல்லாத்தையும் புதுசா வார்த்துருவோம்னு பெரியப்பா முடிவு பண்ணி கூட வாலன்னு என்னையும் கூப்பிட்டாங்க. மொதல்ல டவுன்ல ஒரு பாத்திரக்கடைக்குத் தான் போனோம், அங்க இருந்தது பூரா பித்தளைத் தகட்டை மிஷின்ல அமுக்கி ரெண்டு பாதியா சேத்த மணி, பளபளப்புக்கு ஒரு குறையும் இல்ல. பெரியப்பா ஒண்ணை எடுத்துக் காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாத்துட்டு, "ஏல, இது தகர டப்பாவுல பட்டாணியப் போட்டு ஆட்டுன மாதிரில்லா இருக்கு, இதக் கொண்டு போயி சாமி கையில குடுக்க முடியுமா"ன்னு கீழ வச்சுட்டாங்க. அப்புறம் எங்க கோயில்ல வில்லடிக்க வர்ற அண்ணாச்சிகிட்ட போன் போட்டுக் கேட்டதுல தான் அந்தப் பட்டறை தெரிய வந்துச்சு. அவங்க வில்லுல கட்டுற மணி, வில்லை அடிக்கிற வீசுகோல்ல இருக்குற சலங்கை எல்லாம் அங்க வார்த்தது தானாம்.

ஊர் அம்பாசமுத்திரத்துக்குப் பக்கம். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அந்தால அம்பை, அங்கன இருந்து வயக்காட்டு ரோட்டுல உள்ள போகணும், மேக்க மலை கூடவே வந்துக்கிட்டு இருக்கும். ஊர் பேரும் பட்டறைக்காரர் பேரும் எழுத வேண்டாம்னு அவரே கேட்டுக்கிட்டாரு. "இருக்குற ஆர்டரை முடிக்கவே ஆள் பத்தல தம்பி, போட்டோ எடுக்க நாலு பேரு வந்து நின்னா உலைய யாரு பாக்க"ன்னு சொன்னாரு, அதுல ஞாயம் இருக்கு, அதனால இங்க அவரு வெறும் அண்ணாச்சி தான், அவங்க வீட்டுக்காரம்மா மைனி.

ஓட்டு வீடு, முன்னால நீளத் திண்ணை, பின்னால ரெண்டு சாய்ப்பு. ஒரு சாய்ப்புல உலை, இன்னொண்ணுல கடைசல் மிஷினு, அரம் போடுற மேசை. குத்துவிளக்கு, தூக்கு விளக்கு, கோயில் மணி, கைமணி, சலங்கை எல்லாம் பண்ணுறாங்க. குத்துவிளக்கு வேலை வேற ரகம், பாதம், தண்டு, தட்டு, மேல பிரபைன்னு ஒவ்வொண்ணையும் தனித்தனியா மண்ணுப் பெட்டியில அச்சுப் பதிச்சு வார்த்து, கடைசல்ல பிடிச்சு, மரை போட்டு ஒண்ணோட ஒண்ணு முறுக்குறது. அதை நின்னு பாத்தோம், ஆனா எனக்கு மனசு பூரா சலங்கை மேல தான். வாயி கீறுன ஒரு உருண்டை, உள்ள ஒரு இரும்புப் பரல் கெடந்து உருளுது, பரலோ வாயை விடப் பெருசு, அப்ப அது உள்ள எப்படிப் போச்சு? சின்னப்பிள்ளையில சல்லடத்தைப் பாத்து யோசிச்ச கேள்வி, அதைக் கேட்டதும் அண்ணாச்சி பதில் சொல்லாம திண்ணையப் பாத்து, "ஏட்டி, தம்பிக்கு ஒரு உருண்டை உருட்டிக் காமி"ன்னாரு.

மைனி முன்னால ஒரு தாம்பாளத்துல குளத்துக் கரம்பை, துணியில சலிச்சு, சாணியும் உமிக்கரியும் சேத்து அரைச்சது, தொட்டா வெண்ணெய்த் தன்மை, மணல் நறநறப்பு துளி கூட இல்ல. அதுல ஒரு சிட்டிகை எடுத்து நடுவுல இரும்புத் துண்டு ஒண்ணை வச்சு மூடி உள்ளங்கையில உருட்டுனாங்க, நெல்லிக்காய் அளவுக்கு ஒரு மண் உருண்டை. அவ்வளவு தான், பரல் உள்ள போயாச்சு. மணி வந்த பிறகு பரலைப் போடுறது இல்ல, பரலைச் சுத்தித் தான் மணியே வருது. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு, இத்தனை வருசம் அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு இது தெரியாம இருந்திருக்கோம்.

அந்த உருண்டை நிழல்ல காயணும், வெயில்ல வச்சா வெடிச்சிரும். ஏற்கனவே காஞ்ச உருண்டை ஒரு முறம் நிறைய இருந்துச்சு, அதுல ஒண்ணை என் கையில குடுத்து, இந்தாங்க நீங்க மெழுகு சுத்துங்கன்னுட்டாங்க. மெழுகுன்னா தேன்மெழுகு, கூட குங்கிலியத்தைப் பொடிச்சுப் போட்டு, கொஞ்சம் எண்ணெய் விட்டுக் காய்ச்சி, வடிகட்டித் தண்ணியில ஊத்தி எடுத்தது. மெழுகு மட்டும்னா சூட்டுக்கு ரொம்ப இளகும், குங்கிலியம் கூடிப் போச்சுன்னா ஒடியும், எண்ணெய் அளவு வெயில் காலத்துக்கு ஒண்ணு மழைக் காலத்துக்கு ஒண்ணு. இதெல்லாம் எங்கயும் எழுதி வைக்கல, மைனி கிள்ளிப் பாத்துச் சொல்லுறாங்க.

"தம்பி, கைய மொதல்ல தண்ணியில முக்கிட்டு வாங்க, உங்க கை சூட்டுக்கே இளகிரும்லா." முக்கிட்டு வந்தேன். விரல் நுனியில விளக்கெண்ணெய் தொட்டுக்கிட்டு, பலகையில மெழுகை வச்சு உள்ளங்கையால முன்னுக்கும் பின்னுக்கும் உருட்டணும், உருட்ட உருட்ட நூலா நீளும். என் நூலு அங்கங்க தடிச்சு வந்துச்சு, மைனி அதை அப்படியே சுருட்டி மறுபடியும் பலகையில வச்சாங்க, ஏன்னும் சொன்னாங்க, இப்ப மெழுகு எவ்வளவு தடிமனோ நாளைக்கு மணி அவ்வளவு தடிமன், ஒரு பக்கம் மெலிசா இருந்தா உருக்குனது அங்க போயி சேராது ஓட்டை விழும், ஒரு பக்கம் தடிச்சா சத்தம் அடைச்சுக்கும். அப்புறம் நூலு சீரா வர ஆரம்பிச்சதும் உருண்டை மேல மேல இருந்து கீழ சுத்தணும், ஒரு சுத்தும் அடுத்த சுத்தும் இடைவெளி இல்லாம ஒட்டணும். "இழுக்காதீங்க, வச்சு வச்சுப் போங்க"ன்னு பக்கத்துல இருந்துக்கிட்டே சொன்னாங்க. இழுத்தா நூலு மெலியும், அதான். நான் ஒரு உருண்டை சுத்தி முடிக்குறதுக்குள்ள அவங்க பக்கத்துல ஒரு வரிசையே அடுக்கிட்டாங்க, கண்ணு என் கை மேல இருக்கு, கை தன் பாட்டுக்கு ஓடுது.

வாய் கீறுற இடத்துல ஒரு சூட்சுமம் இருக்கு. அந்தக் கோட்டுல மட்டும் மெழுகு இருக்கக் கூடாது, மண்ணு தெரியணும். மேல வெளி மண்ணு பூசும்போது அந்தக் கோடு வழியா உள் உருண்டையும் வெளி மண்ணும் ஒட்டிக்கும். மெழுகு உருகி ஓடுன பிறகு உள் உருண்டை அந்தரத்துல தொங்குதுல்ல, அதைப் பிடிச்சு நிக்க வைக்கிறது அந்த ஒரு கோடு தான். நாம மணிக்கு வாய்னு நெனைக்கிறது சத்தம் வெளிய வர மட்டும் இல்ல, வார்ப்பே அதை நம்பித் தான் நிக்குது. நான் கத்தியைச் சூடு காட்டி அந்தக் கோட்டை ஓரம் வழிச்சு விட்டேன், மைனி வாங்கித் திருப்பிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம முறத்துல அவங்க உருண்டையோட சேத்து வச்சாங்க. அந்த நிமிசம் எனக்கு இருந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

அப்புறம் மேல வளையம் வச்சு, நாலஞ்சு உருண்டையை ஒரு மெழுகுத் தண்டுல ஒட்டிக் கொத்தாக்கி, அந்தக் கொத்தைத் தராசுல போட்டாங்க. மெழுகு எடைக்கு ஒம்பது மடங்கு உலோகம் எடுத்து வச்சுக்கணும்னு அண்ணாச்சி கணக்கு. நான் வீட்டுக்கு வந்து பாத்தேன், தேன்மெழுகு தண்ணியை விட ஒரு பொட்டு லேசு, வெங்கலம் தண்ணியை விடக் கிட்டத்தட்ட 9 மடங்கு கனம், கணக்கு அச்சு அசலா நிக்குது. கொத்துக்கு மேல மொத மண்ணு பால் பதத்துல ஊத்தி ஊத்திக் காய வைக்கிறது, அதுல தான் மெழுகு மேல இருக்குற ரேகை எல்லாம் பதியும். அதுக்கு மேல கரட்டு மண்ணு, உமி சேத்தது, ஒவ்வொரு பூச்சும் காஞ்ச பிறகு தான் அடுத்தது. காயுற வரைக்கும் உக்காந்திருக்க முடியாது, உலை வைக்கிற அன்னைக்குச் சொல்லுதோம் வாங்கன்னு அனுப்பிட்டாங்க.

உலை வைக்கிற அன்னைக்கு வெள்ளனயே போயிட்டோம். உலை பாக்கிறது அண்ணாச்சியோட மருமகன், கோயம்புத்தூர்ல ஃபவுண்டரியில வேலை பாத்துட்டு வந்தவரு. முன்ன துருத்தி ஊதுன இடத்துல இப்ப கரண்ட்டு புளோயர், உலோகம் உருக்குற மண் மூசைக்குப் பதிலா கிராஃபைட் மூசை, அதெல்லாம் அவரு கொண்டு வந்தது தான். கல்கரி போட்டு எரிக்கிறாங்க. பக்கத்துல இன்னொரு அடுப்புல நம்ம மண் அச்செல்லாம் வாய் கீழப் பாக்கக் கவுந்திருக்கு, மெழுகு உருகிச் சொட்டுச் சொட்டாத் தட்டுல விழுது, அதைத் திரும்ப எடுத்துக்கிடுவாங்க, வீணாப் போறது கொஞ்சம் தான். மெழுகு போன பிறகும் அச்சை விடாம சுடணும், உள்ள துளி ஈரம் இருந்தாலும் உருக்குனது பட்டதும் ஆவி அடிச்சு வெளிய தெறிச்சிரும், அப்படித் தெறிச்சா ஆளுக்கே ஆபத்து. அன்னைக்கு எங்களை எல்லாம் உலைக்கு எதிர்ப்பக்கம் நிக்க விடல.

உலோகத்துக்கு வருவோம், ஏன்னா கடையில ஏமாறுறது இங்க தான். பித்தளைன்னா செம்பும் துத்தநாகமும். வெங்கலம்னா செம்பும் வெள்ளீயமும். மணிக்கு நல்ல கலவை நூத்துக்கு 78 செம்பு, 22 வெள்ளீயம், கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். ஈயம் இவ்வளவு சேரும்போது தான் உலோகம் விறைப்பாகி, அடிச்சா அந்தக் கார்வை நிக்கும். துத்தநாகம் கலந்தா கார்வை குறையும், காரீயம் கலந்தா செத்தே போயிரும். பிரச்சினை என்னன்னா வெள்ளீயம் செம்பை விட ரொம்ப விலை கூட, அதனால ஈயத்தைக் குறைச்சுத் துத்தநாகத்தைப் போட்டு வெங்கலம்னே விக்கிற ஆளுக உண்டு, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, காதுக்குத் தான் தெரியும். அதனால வெங்கலம் வாங்கும்போது விரல் நகத்தால சுண்டிக் கேளுங்க, சத்தம் வந்ததும் அடங்குச்சுன்னா வேண்டாம்.

செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேணும், ஈயத்துக்கு 232 போதும். அதனால செம்பை மொதல்ல உருக்கிட்டு, ஈயத்தைக் கடைசியில தான் போடுறாங்க, முன்னாலயே போட்டா காத்துப் பட்டு ஏடு ஏடா வீணாப் போகும். ஈயம் போட்டதும் உருக்குன செம்பு இன்னும் தண்ணியா இளகுது, ஏன்னா ரெண்டும் கலந்துட்டா 900 டிகிரிக்குப் பக்கத்துலயே ஓடும். இங்க ஒரு விசயம் சொல்லிக்கிடுதேன், வீட்டுல ரசத்துக்கு ஈயச்சொம்பு வச்சிருக்கவங்க அதை வெறுஞ்சொம்பா அடுப்புல வைக்காதீங்க, அதே 232 டிகிரி தான் அங்கயும், தண்ணி இருந்தாத் தான் தப்பிக்கும். வாங்கும்போது வெள்ளீயம் தானான்னு கேட்டு வாங்குங்க, காரீயம் உடம்புக்கு விசம்.

எங்க பழைய மணி எல்லாத்தையும் பெரியப்பா ஒரு மஞ்சத் துணியில முடிஞ்சு கொண்டு வந்திருந்தாங்க. அதை மூசையில போடுறதுக்கு முன்னால அண்ணாச்சி ஒவ்வொண்ணா எடுத்துச் சுண்டிப் பாத்தாரு, சிலதை ஒதுக்குனாரு, அது பிற்காலத்துல யாரோ வாங்கிக் கோத்த பித்தளையாம். மிச்சத்தைக் கையில வச்சுக்கிட்டு, "இது நல்ல சரக்கு, எங்க தாத்தா காலத்து வேலையாக் கூட இருக்கலாம்"னாரு. பழைய சாமி மணியை வித்துறக் கூடாது, உருக்கிப் புதுசுலயே சேக்கணும்னு பெரியப்பா சொன்னாங்க, அண்ணாச்சியும் அப்படித்தான் செய்வாராம். ஆக, நான் பிறக்குறதுக்கு முன்னால இருந்து ஒலிச்ச அதே உலோகம் தான் புது மணியிலயும் இருக்கு.

ஊத்துற நேரம் ரொம்பக் கொஞ்சம். மருமகன் நீளக் கொறடால மூசையைத் தூக்குறாரு, அண்ணாச்சி மேல மிதக்குற கசடை ஒதுக்குறாரு, சுட்ட அச்செல்லாம் மணல்ல வாய் மேலப் பாக்க நட்டு வச்சிருக்கு, ஒவ்வொரு வாயிலயும் நூலு பிடிச்ச கணக்கா ஒரே தாரை. நடுவுல நிறுத்தக் கூடாது, நிறுத்துனா உள்ள மடிப்பு விழும். யாரும் பேசல. எல்லா அச்சும் முடிஞ்ச பிறகு மிச்சம் மூசையில எவ்வளவுன்னு பாத்தா ஒரு கைப்பிடிக்கும் கம்மி, அந்த ஒம்பது மடங்குக் கணக்கு அப்படி.

ஆறுன பிறகு அச்சை உடைக்கிற வேலையை என்கிட்ட குடுத்தாங்க. சின்ன சுத்தியலால தட்டுனா மண்ணு பாளம் பாளமா விடுது, உள்ள கருகருன்னு ஒரு கொத்து. மணியை இன்னும் ஆட்டுனா சத்தம் வராது, உள் உருண்டை இறுகிக் கெடக்கு, பரல் அதுக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கு. மெல்லிசுக் கம்பியை அந்த வாய்க் கோடு வழியா விட்டு நெம்பி நெம்பி சுட்ட மண்ணைப் பொடியாக்கிக் கொட்டணும். கொட்டிக்கிட்டே இருந்தேன், கரிப்பொடி உள்ளங்கையில குமிஞ்சுது, திடீர்னு உள்ள ஏதோ ஒண்ணு விடுபட்டு உருண்டுச்சு. கிண்ணுன்னு ஒரு சத்தம். அரம் போடல, மெருகு போடல, கன்னங்கரேல்னு இருக்கு, ஆனா சத்தம் முழுசா வந்துருச்சு. பெரியப்பா அந்தப் பக்கம் யார்கிட்டயோ பேசிக்கிட்டு இருந்தவங்க பேச்சை விட்டுட்டுத் திரும்பிப் பாத்தாங்க.

அதுக்குப் பிறகு கொத்தை அறுக்குறது, தண்டு ஒட்டுன இடத்தை அரத்தால ராவுறது, மெருகு ஏத்துறது. அரம் போடும்போது ஒரு மணியை நான் தட்டி நிமித்தப் போனேன், அண்ணாச்சி சட்டுனு கையைப் பிடிச்சாரு. இந்த வெங்கலம் குளுந்த பிறகு தட்டுனா உடைஞ்சிரும், செக்கச்செவேல்னு சூட்டுல இருக்கும்போது மட்டும் தான் அடி தாங்கும். பித்தளை விழுந்தா நெளியும், வெங்கலம் விழுந்தா வெடிக்கும்னாரு.

அப்பத் தான் எனக்கு ஆதிச்சநல்லூர் ஞாபகம் வந்துச்சு. நம்ம தாமிரபரணி ஆத்துத் தென்கரையில, ஸ்ரீவைகுண்டம் பக்கம். 1876-ல ஜாகர்னு ஒரு ஜெர்மன்காரர் தோண்டி எடுத்துட்டுப் போனாரு, அதுக்கு அப்புறம் அலெக்ஸாண்டர் ரீ தோண்டுனாரு, முதுமக்கள் தாழியோட இரும்பு, பொன், வெங்கலம்னு வந்துச்சு. அந்த வெங்கலக் கிண்ண மூடி மேல எருமை, பறவைன்னு சின்னச் சின்ன உருவம் நிக்கும். போன்ல அந்தப் படத்தை எடுத்து அண்ணாச்சிகிட்ட காட்டுனேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தாரு, பறவை காலு கிட்ட வந்து நிப்பாட்டிட்டாரு. "இது மெழுகுல உருட்டுன காலு தம்பி. இந்தா, ரெண்டு காலையும் ஒட்டுன இடம் தெரியுது பாருங்க"ன்னு சொல்லிட்டு மைனியைக் கூப்பிட்டு அவங்களுக்கும் காட்டுனாரு. ரெண்டு பேரும் அந்தப் பறவையைப் பத்தி ஏதோ பக்கத்து வீட்டு வேலையைப் பத்திப் பேசுற தோரணையில பேசிக்கிட்டாங்க, வால் தடிமன் பத்தலன்னு கூட மைனிக்கு ஒரு அபிப்பிராயம். ஒரு புத்தகமும் எனக்கு அந்தப் பறவையை இவ்வளவு கிட்டக் கொண்டு வந்து காட்டுனது இல்ல.

இப்ப நான் சொல்ல வந்த விசயம். இந்த மணிக்கு விலை எப்படிப் போடுறாங்க தெரியுமா, எடைக்கு. கிலோ இவ்வளவுன்னு. பல நேரம் வியாபாரி உலோகத்தைக் குடுத்துட்டு, செஞ்ச சாமானைத் திருப்பி எடை போட்டு, கிலோவுக்கு இவ்வளவு கூலின்னு குடுத்துட்டுப் போயிருவாரு. சின்ன சாமானுக்குக் கொஞ்சம் கூடத் தான் போட்டுக் குடுப்பாங்க, ஆனா அந்தக் கூடுதல் எந்த மூலைக்கு? ஒரு கிலோவுல ஒரே ஒரு உருளிப் பாத்திரம் வரும். அதே ஒரு கிலோவுல இந்த நெல்லிக்காய் அளவு சலங்கை நாப்பது அம்பது வரும். அம்பது உருண்டை உருட்டி, அம்பது பரல் வச்சு, அம்பது தடவை நூலு சுத்தி, அம்பது வாய் வழிச்சு, அம்பதையும் கம்பி விட்டு நெம்பி, அம்பதுக்கும் அரம் போட்டு எடுக்கணும். எடைத்தட்டுல ரெண்டும் ஒண்ணு தான்.

தங்கக் கடையில நாம என்ன பண்ணுறோம்? செய்கூலி, சேதாரம்னு பில்லுல தனியாவே போட்டுருக்கான், கொஞ்சம் குறைங்கன்னு கேப்போம், அவ்வளவு தான், செய்கூலியே எதுக்குன்னு யாரும் கேக்குறது இல்ல. ஒரு ஜிமிக்கிக்கு உள்ள மரியாதை ஒரு சலங்கைக்குக் கெடையாதா? ரெண்டுலயும் கை வேலை தான இருக்கு. மருமகன் இதை வேற விதமா சொன்னாரு, "கோயம்புத்தூர்ல மாசச் சம்பளம்ணே, பம்பு பாடி கனமா இருந்தா என்ன லேசா இருந்தா என்ன. இங்க வந்த பிறகு தான் என் வேலையையே தராசுல வைக்கிறாங்க." கோபமா எல்லாம் சொல்லல, கொறடாவைத் தொடைச்சுக்கிட்டே சொன்னாரு, எனக்குத் தான் மனசு ஆறல.

அங்கன இருந்து கூப்பிடு தூரத்துல தான் கல்லிடைக்குறிச்சி. குலசேகரமுடையார் கோயில் நடராசர் 1982-ல திருடு போயி, கடைசியில ஆஸ்திரேலியாவுல அடிலெய்டு மியூசியத்துல இருக்குன்னு கண்டுபிடிச்சு, 2019-ல ஊர் திரும்புனாரு. அந்தச் சிலையை எவனாவது கிலோ கணக்குல விலை பேசியிருப்பானா? அதுவும் மெழுகுல பிடிச்சு, மண்ணு பூசி, உருக்கி ஊத்துன வேலை தான். சாமி சிலையும் சலங்கையும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல, கை செஞ்ச வேலைக்குத் தராசு அளவுகோல் இல்லைன்னு தான் சொல்லுதேன். டவுன்ல நெல்லையப்பர் கோயில்ல நடராசர் ஆடுற இடத்துக்குத் தாமிர சபைன்னு பேரு, பஞ்ச சபையில ஒண்ணு. செம்புக்கு அவ்வளவு பெரிய இடம் குடுத்த ஊர்ல, செம்பை உருக்குற ஆளுக்குக் கிலோ கூலி.

மிஷின் மணி பண்ணுறவங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது. வடக்க உத்தரப்பிரதேசத்துல முராதாபாத் பக்கம் பித்தளை வேலை பாக்குறவங்களும் நம்மள மாதிரி கைவேலைக்காரங்க தான், கதவுல மாட்ட, மாட்டுக் கழுத்துல கட்ட அந்த மணி போதும். கோயிலுக்கு, கொடைக்கு, வில்லுக்கு, ஆட்டக்காரங்க காலுக்கு வாங்கும்போதாவது வார்ப்பு வெங்கலம் கேட்டு வாங்குங்க, வாங்கும்போது கிலோ என்னன்னு கேக்காதீங்க, ஒண்ணு என்னன்னு கேளுங்க. நாங்க அப்படித்தான் பேசுனோம். பெரியப்பா மொதல்ல அதிகமாத்தான் நெனைச்சாங்க, ஆனா உலையும் நூலும் பாத்த பிறகு ஒரு வார்த்தை குறைச்சுக் கேக்கல. உலோகத்துக்குத் தனி, வேலைக்குத் தனின்னு ஒரு துண்டுச் சீட்டுல அண்ணாச்சி எழுதிக் குடுத்தாரு, வேலைன்னு எழுதுற இடத்துல கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுத் தான் தொகை போட்டாரு. இத்தனை வருசத்துல அப்படித் தனியாக் கேட்டவங்க கம்மின்னு மைனி சொன்னாங்க.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போறவங்க நெறைய பேரு இதைப் படிப்பீங்க. காரையார்ல அந்த மணிவிழுங்கி மரத்தைப் பாத்திருப்பீங்க, நேர்த்திக்கடனுக்குக் கட்டுன மணியை இலுப்பை மரம் பட்டையை மூடி உள்ள இழுத்துக்கிடும். அங்க கட்டுறதுக்குன்னே சின்ன மணி வார்த்துத் தாராங்க. மழை வந்துட்டா மண்ணு காயாது, உலையும் தள்ளிப் போகும், கடைசி வாரத்துல வந்து நின்னா நடக்காது. நம்ம பக்கத்துல இந்த வேலை இன்னும் நடக்குற பட்டறை ஒண்ணு ரெண்டு உங்க ஊர்ப் பக்கமும் இருக்கும், வில்லடிக்கிறவங்க, கணியான் கூத்துக்காரங்க கிட்டக் கேட்டா சொல்லுவாங்க. ஒரு மாசம் முன்னாலயே போயி சொல்லி வையுங்க, முன்பணம் கேக்கலைன்னாலும் உலோகத்துக்காவது குடுத்துட்டு வாங்க, ஈயம் வாங்குற காசு தான் அவங்களுக்கு மொதல் கஷ்டம். பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போங்க, உலை வைக்கிற அன்னைக்கு வேண்டாம், மெழுகு சுத்துற அன்னைக்கு.